சுகர் இருக்குமோ? ரத்தம் கொடுக்க வந்தவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

வடசென்னையில் ஒரு சின்ன லேபில் 17 வருஷமாக ரத்தம் எடுக்கிறேன். காலை ஆறரைக்கு ஷட்டரைத் தூக்கும்போதே வெறும் வயிற்றோடு ஏழெட்டுப் பேர் படியில் உட்கார்ந்திருப்பார்கள். ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பு தேடுகிற அந்த ஒரு நிமிஷத்தில்தான் கேள்விகள் வரும். ஆள் மாறுவார், கேள்வி மாறாது. அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

நான் டாக்டர் இல்லை. மாத்திரை பற்றி இங்கே எதுவும் இருக்காது. பெரியவர்களுக்கு வருகிற டைப் 2 சர்க்கரை நோய் தனக்கு இருக்குமோ என்று சந்தேகத்தில் இருப்பவர்களுக்கும், சந்தேகமே இல்லாமல் இருப்பவர்களுக்கும் இது.

"சுகர் வந்தா உடம்பு காட்டிக் கொடுத்துடாதா அக்கா? எனக்குத்தான் ஒண்ணும் பண்ணலையே."

பல பேருக்குக் காட்டிக் கொடுக்காது. டைப் 2 ஒரே நாளில் ஏறுவதில்லை. முதலில் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகும். கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டப் பார்க்கும். வருஷக்கணக்கில் அப்படி ஓட்டிவிட்டு ஒரு கட்டத்தில் களைத்துப்போகும். அதற்குள் அந்த உடம்புக்கே அது பழகிவிடும். ஹெர்னியா ஆபரேஷனுக்கோ கண்புரைக்கோ ரத்தம் கொடுக்க வந்து, 240 என்று ரிப்போர்ட் வாங்கிக்கொண்டு போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய கட்டத்தில் என்று கணக்குச் சொன்னது.

இன்னொன்றும் உண்டு. நம்ம ஊரில் ஒவ்வொரு அறிகுறிக்கும் ஒரு சாக்கு தயாராக இருக்கிறது. தாகமா, வெயில். அசதியா, நைட் ஷிஃப்ட். கண் மங்கலா, நாற்பது வயசு. கால் எரிச்சலா, உடம்புச் சூடு, எண்ணெய் தேய்த்துக் குளித்தால் போய்விடும். சொல்கிற காரணம் பாதி நேரம் உண்மையாகவும் இருக்கும். சிக்கலே அதில்தான்.

"அடிக்கடி தாகம், அடிக்கடி யூரின். சென்னை வெயிலுக்கு எல்லாருக்கும் அப்படித்தானே?"

வெயில் தாகத்துக்கும் சுகர் தாகத்துக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அதைப் பாத்ரூமில் பார்க்கலாம். வெயிலில் வேர்வையாகத் தண்ணீர் போய்விட்டால் சிறுநீர் குறையும், மஞ்சள் கூடும். சுகரில் நேர்மாறு. தொண்டை வறண்டு கிடக்கும், ஆனாலும் சிறுநீர் வெளிறிப்போய் நிறையப் போகும். ஏசி ரூமில் உட்கார்ந்திருந்தாலும், மார்கழி மாசத்திலும் அப்படியே இருக்கும்.

காரணம் இதுதான். ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180ஐத் தாண்டும்போது சிறுநீரகத்தால் அதைப் பிடித்து வைக்க முடிவதில்லை, சிறுநீரில் இறங்கிவிடும். போகும்போது தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். முதலில் போவது சிறுநீர், அதற்குப் பிறகு வருவது தாகம். நாமோ "தண்ணி நிறைய குடிக்கிறேன், அதான் போறேன்" என்று தலைகீழாகப் புரிந்துகொள்கிறோம். அந்த 180ஐ நினைவில் வையுங்கள், கீழே திரும்ப வரும்.

ஒரு ஆட்டோக்காரத் தம்பி. பாரிமுனையிலிருந்து தாம்பரம் வரைக்கும் எந்த பங்கில் டாய்லெட் பூட்டாமல் இருக்கும் என்று தனக்கு அத்துப்படி என்று பெருமையாகச் சொன்னார். தாகத்துக்கு என்ன குடிப்பீங்க என்று கேட்டேன். கரும்பு ஜூஸ், ரோஸ் மில்க், மத்தியானம் ஒரு கூல் டிரிங்க்ஸ். அன்றைக்கு அவருக்கு வந்த எண் 312.

"ராத்திரி எத்தனை தடவை எழுந்தா சந்தேகப்படணும்?"

எண்ணிக்கையை விட மாற்றத்தைப் பாருங்கள். படுத்தால் விடியும் வரை எழாதவர் இப்போது இரண்டு மூன்று தடவை எழுகிறார் என்றால் டெஸ்ட் எடுக்க அது போதும். வயதான ஆண்களுக்கு புராஸ்டேட் வீக்கத்தாலும் இப்படி ஆகும். அதில் கொஞ்சம் கொஞ்சமாக, முக்கி முக்கிப் போகும். சுகரில் ஒவ்வொரு தடவையும் நிறையப் போகும். இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம்.

"பாத்ரூம்ல எறும்பு மொய்க்குது. அது சுகர்தானா?"

சிரிக்காதீர்கள், இது ரொம்பப் பழைய சோதனை. மதுமேகம் என்ற பேரே சிறுநீரின் தேன் தன்மையை வைத்து வந்ததுதான். எறும்பு வந்தால் கட்டாயம் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். கருப்பு பேன்ட்டில் சிறுநீர் தெறித்த இடம் காய்ந்து வெள்ளைப் புள்ளியாக நிற்பதையும் சிலர் சொல்வார்கள், அதுவும் இதே வகை.

எறும்பு வரவில்லை என்பதற்காக நிம்மதியாக இருந்துவிட முடியாது. சர்க்கரை 180ஐத் தொட்டால்தானே சிறுநீருக்கு வரும்? வெறும் வயிற்றில் 126 இருந்தாலே அது சர்க்கரை நோய்க் கணக்கு. நடுவில் இருக்கிற அந்த இடைவெளியில் எறும்புக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

"சாப்பிட்டதும் கண்ணைச் சொருகுது. எப்பவும் அசதி. இது சுகரா?"

இருக்கலாம். தனியாக அசதியை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. ரத்த சோகை, தைராய்டு, தூக்கமின்மை, மனக்கவலை எல்லாவற்றுக்கும் அசதிதான் முகம். தட்டு நிறையச் சோறும் சாம்பாரும் சாப்பிட்டால் நல்ல உடம்புக்காரருக்கும் கண் சொருகும். அசதியோடு கூட மேலே சொன்ன தாகமோ, கீழே வருகிற எடை குறைவோ, அரிப்போ சேர்ந்தால் சந்தேகம் கூடும். அசதிக்கு ரத்தம் கொடுக்க வருகிறவர்களிடம் ஹீமோகுளோபினோடு சுகரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள் என்பேன். ஊசி ஒரு தடவைதான்.

"ரெண்டு மாசத்துல ஆறு கிலோ குறைஞ்சுட்டேன். வாக்கிங் போனதால தானே?"

இதைச் சந்தோஷமாகச் சொல்லுவார்கள், எனக்குத்தான் பகீரென்று இருக்கும். சாப்பாட்டைக் குறைக்கவில்லை, பசி கூடியிருக்கிறது, ஆனாலும் பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருக்கிறது என்றால் வாக்கிங்குக்கு நன்றி சொல்லாதீர்கள். சாப்பிட்ட சர்க்கரை சிறுநீரில் போகிறது, உடம்பு கொழுப்பையும் சதையையும் எரித்துக் காலத்தை ஓட்டுகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். காரணம் இல்லாத எடைக் குறைவுக்கு காசநோய், தைராய்டு, புற்றுநோய் என்று வேறு காரணங்களும் உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு. கூடவே இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியையும் கொடுங்கள்.

"கழுத்துல கருப்பா படிஞ்சிருக்கு. பீர்க்கங்கூடு வெச்சுத் தேய்ச்சும் போகல."

தேய்க்காதீர்கள், அது அழுக்கு இல்லை. பின்கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் தோல் தடித்து, வெல்வெட் துணி மாதிரி கருத்திருந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது ஒரு அடையாளம். அதே இடங்களில் மிளகு அளவுக்குத் தொங்கும் மருக்களும் வரும். உடல் பருமனான பிள்ளைகளுக்கும் இது வருகிறது. அவர்களைக் குளிக்கத் தெரியாதவன் என்று திட்டுவார்கள், பாவம்.

நல்ல செய்தி ஒன்று: இது சுகர் ஏறுவதற்குப் பல வருஷம் முன்னாலேயே தெரியலாம். 180க்காகக் காத்திருக்காத ஒரே அறிகுறி என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனாலும் எனக்கு இந்தக் கழுத்தின் மேல் ஒரு மரியாதை உண்டு.

(குரலைத் தாழ்த்தி) "அந்த இடத்துல அரிப்பு. கிரீம் போட்டா போகுது, திரும்ப வருது."

கூச்சப்படாமல் கேட்டதற்கு நன்றி. சிறுநீரில் சர்க்கரை இருந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். பெண்களுக்குப் பிறப்புறுப்பில் அரிப்பும் தயிர்த் திப்பி மாதிரி வெள்ளைப்படுதலும் திரும்பத் திரும்ப வரும். ஆண்களுக்கு முன்தோல் சிவந்து, வெடித்து, பின்னால் தள்ள முடியாமல் வலிக்கும். மெடிக்கல் ஷாப்பில் மூன்றாவது ட்யூப் வாங்குவதற்குள் ஒரு சுகர் டெஸ்ட் எடுத்துவிடுங்கள். அடிக்கடி நீர்க்கடுப்பு, இடுப்பிலும் தொடையிலும் மாற்றி மாற்றிக் கட்டி, ஈறில் வீக்கம், ஆறாத புண் எல்லாமே இந்த வரிசைதான்.

ஆண்மைக் குறைவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதற்காக லேகியக் கடைக்குப் போகிறவர்களில் சிலருக்கு ஆரம்பம் சுகராக இருக்கும்.

"கண்ணாடி பவர் அடிக்கடி மாறுது. கண்ணுல கோளாறா, சுகரா?"

சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் லென்ஸ் நீரை இழுத்து உப்பும், பிறகு சுருங்கும். பவர் அதனால் ஆடும். ஒரு டெய்லர் அண்ணன் ஐந்து மாதத்தில் மூன்று கண்ணாடி மாற்றியிருந்தார். ஊசியில் நூல் கோர்க்க ஒரு நாள் முடிகிறது, மறுநாள் முடியவில்லை என்றார். கண்ணாடி போட்டுக் கொடுத்த இடத்தில் ஒருவரும் சுகர் பார்த்தீர்களா என்று கேட்கவில்லை. சுகர் கட்டுக்குள் வந்து சில வாரம் கழித்துப் பவர் பார்ப்பதுதான் காசுக்கு நல்லது.

இது போய்விடுகிற மங்கல். விழித்திரையில் ரத்தக்குழாய் கெடுவது வேறு, அது ரொம்ப நாள் வலியே இல்லாமல், பார்வையும் குறையாமல் நடக்கும். அதனால்தான் டைப் 2 என்று தெரிந்த உடனேயே விழித்திரையையும் பார்க்கச் சொல்கிறார்கள்.

"பாதம் எரியுது, சில நேரம் மரத்துப் போகுது. சூட்டுனாலதானே?"

இரண்டு பாதத்திலும் ஒரே மாதிரி, விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறுகிறதா, ராத்திரி படுத்ததும் கூடுகிறதா? அப்படியானால் நரம்பில் சர்க்கரை கை வைத்திருக்கலாம். வைட்டமின் பி12 குறைவு, மதுப் பழக்கம் இவற்றாலும் இதே எரிச்சல் வரும். ஒரு காலில் மட்டும், இடுப்பிலிருந்து இழுத்தால் பெரும்பாலும் முதுகெலும்புச் சமாச்சாரம்.

எரிச்சலை விட மரப்புதான் எனக்குப் பயம். ஒருவர் ரத்தம் கொடுத்துவிட்டு எழுந்தார். இடது காலில் ரப்பர் செருப்பு, வலது கால் வெறும் கால். "சார், செருப்பு?" என்றேன். குனிந்து பார்த்துவிட்டுத்தான் அவருக்கே தெரிந்தது. பஸ் ஸ்டாப்பிலிருந்து கழன்றது தெரியாமலே நடந்து வந்திருக்கிறார், குதிகாலில் ஒரு கண்ணாடித் துண்டு. அவருக்கு சுகர் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது, ஆனால் அது வந்து பல வருஷம் ஆகியிருக்க வேண்டும்.

கால் சங்கதியோடு தோளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோள் இறுகிப்போய், தலை வாரவோ பின்னால் ஜாக்கெட் கொக்கி மாட்டவோ கை போகவில்லை என்று வருகிறவர்களுக்கு சுகர் பார்ப்பது வழக்கம். தோள் இறுக்கம் சர்க்கரைக்காரர்களுக்கு அதிகம் வருகிறது.

"நான் ஒல்லி. ஸ்வீட்டும் தொட மாட்டேன். எனக்கு எப்படி வரும்?"

ஜிலேபி சாப்பிட்டால்தான் வரும் என்பது பாதிக் கதை. மூன்று வேளையும் அரிசி, எட்டு மணி நேரம் நாற்காலி, அப்பாவுக்கு சுகர் என்றால் ஜிலேபி தேவையில்லை. நம்மவர்களுக்குக் கையும் காலும் ஒல்லியாக இருக்கும், கொழுப்பு வயிற்றில் உட்கார்ந்திருக்கும்.

சென்னையில் இருக்கிற மெட்ராஸ் டயபட்டீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2005இல் ஒரு எளிய மதிப்பெண் முறையை வெளியிட்டது. ஊசி இல்லாமல் போட்டுப் பார்க்கலாம். வயது 35 முதல் 49 என்றால் 20, 50ம் அதற்கு மேலும் 30. இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தொட்டால் 10, அதற்கு மேல் இன்னும் 10 செ.மீ. கூடினால் 20. உடற்பயிற்சியும் இல்லை, உழைக்கிற வேலையும் இல்லை என்றால் 30, இரண்டில் ஒன்று இருந்தால் 20. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் 10, இருவருக்கும் என்றால் 20. கூட்டினால் 60 வந்தாலே ஆபத்து அதிகம் என்று அர்த்தம்.

என்னிடம் "நான் ஒல்லி" என்று சொன்ன ஒரு குமாஸ்தாவுக்கு வயது 52, எடை 61 கிலோ. தையல் டேப்பைச் சுற்றினேன், 94. பேன்ட் அளவு 34தான் மேடம் என்று சண்டை போட்டார். பேன்ட்டை அவர் தொப்பைக்குக் கீழே போட்டிருந்தார். வயது 30, இடுப்பு 10, நாற்காலி வேலை 30, அம்மாவுக்கு சுகர் 10. மொத்தம் 80.

"சரி, எந்த டெஸ்ட் எடுக்கணும்? ஃபாஸ்டிங் மட்டும் போதாதா?"

ஒன்றும் எடுக்காமல் இருப்பதற்கு ஃபாஸ்டிங் எவ்வளவோ மேல். ஆனால் நம்மவர்கள் பலருக்கு முதலில் ஏறுவது சாப்பாட்டுக்குப் பிறகுள்ள அளவு. வெறும் வயிற்றில் 100க்குக் கீழ் நார்மல், 126ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து 140க்குக் கீழ் நார்மல், 200ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். மூணு மாச சராசரி என்று சொல்கிற ஹெச்பிஏ1சி 5.7க்குக் கீழ் நார்மல், 6.5ம் மேலும் சர்க்கரை நோய். நடுவில் விழுந்தால் முந்தைய கட்டம். அறிகுறி இல்லாதவருக்கு ஒரே ஒரு எண்ணை வைத்து முத்திரை குத்த மாட்டார்கள், இன்னொரு டெஸ்ட்டில் உறுதி செய்வார்கள். தாகம், எடைக் குறைவு எல்லாம் இருந்து, எந்த நேரத்தில் எடுத்தாலும் 200ஐத் தாண்டினால் அதுவே போதும்.

"ஏன் ரெண்டு ட்யூப்?" என்று கேட்பார்கள். சாம்பல் மூடி போட்டது சுகருக்கு. ட்யூபுக்குள்ளும் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், அதைத் தடுக்கிற மருந்து அதில் உண்டு. ஊதா மூடி மூணு மாச டெஸ்ட்டுக்கு.

"காபி மட்டும் குடிச்சேன். சர்க்கரை போடல. பரவாயில்லையா?"

பரவாயில்லை இல்லை. பாலிலும் சர்க்கரை உண்டு. 8 மணி நேரம் வெறும் தண்ணீர் மட்டும். நாளைக்கு வாருங்கள். இன்னொன்று, 'சாப்பிட்டு ரெண்டு மணி நேரம்' என்பது முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து, கை கழுவிய நேரத்திலிருந்து அல்ல.

"பக்கத்து வீட்டு மெஷின்ல 210 காட்டுச்சு. எனக்கு சுகரா?"

மாம்பழம் நறுக்கிவிட்டு விரலைக் கொடுத்தீர்களா? சிரிப்பதற்கில்லை, விரலில் ஒட்டிய பழச்சாறே மெஷினை ஏமாற்றிவிடும். சோப்பு போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். காலாவதியான ஸ்ட்ரிப்பும் கழுத்தறுக்கும். எல்லாம் சரியாக இருந்தாலும் வீட்டு மெஷின் 15 சதவீதம் வரை முன்பின் காட்டலாம். நோய் உண்டா இல்லையா என்று முடிவு செய்ய நரம்பில் எடுத்த ரத்தம்தான் வேண்டும். ஆனால் 210 என்று பார்த்த பிறகு லேபுக்கு வராமல் இருப்பது தப்பு.

"ஃபாஸ்டிங் 92. மூணு மாசம் 6.6. எதை நம்புறது?"

உங்கள் ஹீமோகுளோபின் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்பேன். இரும்புச்சத்துக் குறைவாக இருந்தால் இந்த மூணு மாச எண் பொய்யாக ஏறலாம். மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகிற பெண்களிடம் இதைப் பார்க்கிறேன். சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ, சிவப்பணுக்கள் சீக்கிரம் உடைகிற நோய் இருந்தாலோ பொய்யாகக் குறையலாம். ரத்தத்தில் கோளாறு எதுவும் இல்லை என்றால், சாப்பாட்டுக்குப் பிறகு ஏறுவதை ஃபாஸ்டிங் தவறவிட்டிருக்கலாம். இரண்டு எண்ணும் முட்டிக்கொண்டால் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கிற டெஸ்ட்தான் பஞ்சாயத்து.

"மூட்டு வலிக்கு ஊசி போட்டேன், அதுலதான் சுகர் ஏறிடுச்சுங்கிறாங்க. நிறுத்தினா போயிடுமா?"

அந்த ஊசியில் ஸ்டீராய்டு இருந்திருந்தால் அது சுகரை ஏற்றும், நிஜம். நிறுத்தியபின் பலருக்கு இறங்கும். ஆனால் ஏற்கெனவே விளிம்பில் இருந்தவரைத்தான் அது சுலபமாகத் தள்ளிவிடுகிறது, அதனால் சில வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். ஸ்டீராய்டு மாத்திரையாகச் சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது.

"பிரசவத்தப்போ சுகர் இருந்துச்சு, குழந்தை பொறந்ததும் போயிடுச்சு. இப்போ எதுக்குப் பார்க்கணும்?"

போயிருக்கும், ஆனால் முகவரியைக் குறித்து வைத்துக்கொண்டுதான் போயிருக்கும். கர்ப்பத்தில் சுகர் வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் டைப் 2 வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். பிரசவமான 6 முதல் 12 வாரத்துக்குள் குளுக்கோஸ் குடித்து ஒரு டெஸ்ட், பிறகு ஒன்று முதல் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை. குழந்தையின் தடுப்பூசி அட்டையைத் தலையணைக்கடியில் வைத்துக் காப்பாற்றுகிற பெண்கள் தங்கள் ரிப்போர்ட்டைத் தொலைத்துவிட்டு வருவார்கள்.

"பார்டர்லதான் இருக்குன்னாங்க. அப்போ இல்லைன்னுதானே அர்த்தம்?"

இன்னும் வண்டியைத் திருப்பலாம் என்று அர்த்தம். சென்னையில் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வில், இந்தக் கட்டத்தில் இருந்தவர்கள் சாப்பாட்டை மாற்றி, தினமும் அரை மணி நேரம் நடந்ததில், சுமார் மூன்று வருஷத்தில் சர்க்கரை நோய்க்குப் போகிற ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. எல்லாரும் தப்பிக்கவில்லை, அதையும் மறைக்கக் கூடாது. வருஷம் ஒரு தடவை திரும்ப ரத்தம் கொடுங்கள்.

"எப்போ லேபுக்கு வராம நேரா ஆஸ்பத்திரிக்குப் போகணும்?"

தாகம், அடிக்கடி சிறுநீர், இவற்றோடு வாந்தி, வயிற்றுவலி, வேகமாக ஆழ்ந்து மூச்சு வாங்குதல், மூச்சில் பழ வாசனை, தூக்கக் கலக்கம், உளறல் என்று வந்தால் 108ஐக் கூப்பிடுங்கள். குழந்தை திடீரென்று படுக்கையை நனைக்க ஆரம்பித்து, தண்ணீராகக் குடித்து, இளைத்துக்கொண்டே போனால் அது இன்சுலின் சுரப்பே நின்றுபோகிற டைப் 1 சர்க்கரை நோயாக இருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும். பாதப் புண் கருத்தாலோ நாற்றம் வந்தாலோ அதே கதைதான்.

"எங்க வீட்டுக்காரரு டெஸ்ட்டுக்கே வர மாட்டேங்கிறாரு. பார்த்தாத்தானே வியாதிங்கிறாரு."

இந்த வசனம் எனக்கு மனப்பாடம். காசுதான் தடை என்றால் மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்க்கிறார்கள். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் உங்கள் தெருவுக்கு வருகிற நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, அன்றைக்கு அவரை வீட்டில் இருக்க வையுங்கள்.

காசு இல்லை, பயம்தான் தடை என்றால் அட்வைஸ் வேலைக்கு ஆகாது. ஒரு அம்மா செய்ததைச் சொல்கிறேன். "எனக்குத் தனியா ஊசி போட்டுக்கப் பயமா இருக்கு, கூட வாங்க" என்று கணவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டிவிட்டு, "இவருக்கும் எடுத்துடும்மா, நானும் காசு கொண்டாந்திருக்கேன்" என்றார். கணவர் எழுந்திருக்கப் பார்த்தார். காத்திருந்த ஆறு பேரும் அவரையே பார்த்தார்கள். பேசாமல் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். அம்மாவுக்கு 94. அவருக்கு 168.